ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுவேன். இளங்கலையிலும் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் விடிய விடியப் படித்தே நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது அது நடக்கவில்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை, அதாவது முந்தைய ஆய்வுகளை மதிப்பிடும் பகுதியை, இரண்டு மாதங்களுக்கு முன்பே நெறியாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். கோப்பைத் திறந்தாலே மனம் கனத்துப்போகிறது. கைபேசியை எடுக்கிறேன், அறையை ஒழுங்குபடுத்துகிறேன். ஒருநாள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து மேற்கோள் பட்டியலை மட்டும் அழகாக வடிவமைத்தேன். நெறியாளர் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலை இன்னும் திறக்கவில்லை. சென்ற செமஸ்டரில் இரண்டு பாடங்களில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பதாக வீட்டில் நம்புகிறார்கள். நெருக்கடி வந்தால்தான் எனக்கு வேலை ஓடும் என்று நினைத்திருந்தேன். இப்போது நெருக்கடி வந்தும் ஓடவில்லை. சோம்பேறியாகிவிட்டேனா? படிப்பின் மேல் ஆர்வம் போய்விட்டதா? விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மேற்கோள் பட்டியலைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான். நான்கு மணி நேரம் உட்கார்ந்து, காற்புள்ளி எங்கே வர வேண்டும், ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டுமா, நூற்பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். சலிப்பூட்டும் வேலை அது. சோம்பேறி ஒருவர் பத்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், நீங்கள் சோம்பேறி இல்லை என்பதுதான். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் வழியும் தவறிவிடும். சோம்பல் என்று முடிவுகட்டிவிட்டால், உங்களை நீங்களே இன்னும் கடுமையாக விரட்டத் தொடங்குவீர்கள். உங்கள் விஷயத்தில் அது நிலைமையை மோசமாக்கும்.

அதே நாற்காலி, அதே மடிக்கணினி, அதே இரவு. பட்டியல் ஓடியது, அத்தியாயம் ஓடவில்லை. ஏன்? மேற்கோள் பட்டியலைப் பார்த்து யாரும் உங்கள் அறிவை எடைபோட மாட்டார்கள். இரண்டாம் அத்தியாயம் அப்படிப்பட்டதன்று. உங்களுக்கு முன் எழுதியவர்களில் யார் சொன்னது வலுவானது, எது நிற்காது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று உங்கள் குரலில் நீங்கள் சொல்லியாக வேண்டும். நெறியாளர் அதைப் படிப்பார். "போதாது" என்று சொல்லிவிடவும் கூடும். உழைப்புக்கு நீங்கள் அஞ்சவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சுகிறீர்கள்.

மாணவர்களுக்கான ஆலோசனை அறையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வேலையைத் தள்ளிப்போடுகிறேன் என்று வருபவர்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். கால அட்டவணை போட்டுத் தரச் சொல்வார்கள். அட்டவணை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், வண்ணம் தீட்டியே வைத்திருப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றைத்தான்: கோப்பைத் திறந்த கணத்துக்கும் கைபேசியை எடுத்த கணத்துக்கும் இடையில் என்ன நடந்தது?

உங்களுக்கும் அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. கோப்பு திறக்கிறது. கடைசியாக எழுதிய பத்தி கண்ணில் படுகிறது. அதன் முதல் வாக்கியத்தைப் படிக்கிறீர்கள். சரியில்லை என்று தோன்றுகிறது. இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள், "இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று ஒரு எண்ணம் குறுக்கே வருகிறது. நெஞ்சில் ஓர் இறுக்கம். கை தானாக நகர்கிறது. கைபேசித் திரை ஒளிர்ந்த சில நொடிகளில் இறுக்கம் தளர்கிறது. இத்தனையும் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் மனம் ஒரு பாடத்தை மிக நன்றாகக் கற்றுக்கொண்டுவிடுகிறது: கோப்பு என்றால் வலி, அதை மூடினால் நிம்மதி. ஒவ்வோர் இரவும் அந்தப் பாடத்துக்கு ஒரு திருப்புதல் நடக்கிறது. அதனால்தான் சென்ற மாதம் அரை மணி நேரமாவது தாக்குப்பிடித்த நீங்கள், இப்போது கோப்பின் பெயரைப் பார்த்ததுமே விலகிப் போகிறீர்கள்.

உளவியல் ஆய்வாளர்கள் ஃபியூஷியா சிரோயிஸும் திமோதி பிச்சிலும் 2013-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். தள்ளிப்போடுதலின் அடியில் இருப்பது மனநிலையை உடனடியாகச் சரிசெய்துகொள்ளும் முயற்சி. அதற்கான விலையை நாளைய 'நான்' கொடுக்கிறான் என்பது அவர்களின் வாதம். அதற்கு வெகு முன்பே, 1984-இல், லாரா சாலமனும் எஸ்தர் ராத்ப்ளமும் கல்லூரி மாணவர்களிடம் ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று முறையாகக் கேட்டார்கள். விடைகளில் இரண்டு காரணங்கள் திரண்டு நின்றன: தோல்வி பயம், அந்த வேலையின் மீதே இருக்கும் வெறுப்பு.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. செய்தவர்கள் ஜோசப் ஃபெராரியும் டயான் டைஸும். ஒரு பயிற்சியை, "இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு" என்று சிலரிடமும், "இது ஒரு விளையாட்டு" என்று வேறு சிலரிடமும் கொடுத்தார்கள். கொடுத்த வேலை ஒன்றுதான். நாள்பட்டுத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள், தேர்வு என்று கேட்டபோது பயிற்சியைத் தட்டிக்கழித்தார்கள். விளையாட்டு என்று கேட்டபோது மற்றவர்களைப் போலவே செய்தார்கள். உங்கள் பட்டியலுக்கும் அத்தியாயத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான்.

இனி சொல்லப்போவது சற்று உறைக்கலாம். பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த பிள்ளைக்குச் சுற்றியுள்ளவர்கள் ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்: கெட்டிக்காரப் பிள்ளை. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் வளர வளர அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது. முழு மூச்சாக உழைத்து எழுதிய அத்தியாயம் சுமாராக வந்துவிட்டால் அந்தப் பெயர் என்னாவது? கடைசி இரவில் எழுதியது சுமாராக வந்தால் அந்தக் கவலை இல்லை. "நேரமில்லை, இருந்திருந்தால் பிரமாதமாக எழுதியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படித் தோல்விக்கு முன்கூட்டியே ஒரு காரணத்தைத் தயார் செய்துகொள்ளும் போக்கை ஸ்டீவன் பெர்க்லஸும் எட்வர்ட் ஜோன்ஸும் 1978-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் திட்டமிட்டு இதைச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் தாமதம் உங்களுக்கு ஓர் உபகாரத்தையும் செய்துவந்திருக்கிறது. அதை நீங்கள் ஒப்புக்கொள்ளாத வரை உங்களால் அதை விட முடியாது.

நெருக்கடியில்தான் வேலை ஓடும் என்ற நம்பிக்கையைப் பற்றி அடுத்து. இளங்கலையில் அது உண்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தத் தேர்வுகள் கேட்டது, ஓர் இரவில் மனத்தில் ஏற்றி மறுநாள் காலை இறக்கிவைக்கக்கூடிய விஷயத்தை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பாடத்தை மூடிவைத்துவிட்டுத் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். கடைசி இரவுப் படிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. மறுநாள் வரை தாங்கும். அடுத்த செமஸ்டரில் அதன் மேல் ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் அடியில் ஒன்றும் இருக்காது. முதுகலையில் உங்கள் மதிப்பெண் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தள்ளிப்போடுவது நிம்மதி தருகிறது என்பதும் பாதி உண்மைதான். டயான் டைஸும் ராய் பௌமைஸ்டரும் ஒரு பருவம் முழுக்க மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் எழுதினார்கள். பருவத்தின் தொடக்கத்தில் தள்ளிப்போடுபவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். மனஅழுத்தமும் உடல் தொந்தரவும் மற்றவர்களைவிடக் குறைவு. பருவ முடிவில் எல்லாம் தலைகீழானது. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது அவர்கள் பட்ட அவதிதான் அதிகம். மதிப்பெண்ணும் குறைவு. முன்னால் கிடைத்த நிம்மதி பின்னால் பட்ட பாட்டை ஈடுகட்டவில்லை.

இதில் ஒன்றைப் பெரிதுபடுத்தாமல் சொல்ல வேண்டும். கியுங் ரியுங் கிம், யூன் ஹீ சியோ இருவரும் 33 ஆய்வுகளைத் திரட்டி, 38,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளை ஒன்றாகப் பார்த்து 2015-இல் எழுதினார்கள். தள்ளிப்போடுதல் கூடினால் மதிப்பெண் குறைகிறது என்பது உறுதியானது. ஆனால் அந்தத் தொடர்பு சிறியது. தள்ளிப்போடும் பலர் எப்படியோ தேறிவிடுகிறார்கள், நீங்கள் இளங்கலையில் தேறியதைப் போல. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பழக்கம் அவ்வளவு ஆபத்தாகத் தெரியாது. அதனால்தான் அது இத்தனை ஆண்டுகள் கண்டுகொள்ளப்படாமல் வளர்கிறது. இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. சுவீடனில் 3,525 பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. அதிகம் தள்ளிப்போட்டவர்களிடம் ஒன்பது மாதங்கள் கழித்து மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கேடு, தனிமை ஆகியவை சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று அடித்துச் சொல்ல அந்த வகை ஆய்வு போதாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் இரவுகளைப் படிக்கும்போது, மதிப்பெண்ணைவிட உங்கள் தூக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை வருகிறது.

ஆர்வம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போயிருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் நிலையில் நீங்கள் இப்போது இல்லை. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று உண்டு. ஒரு காரியத்தில் மனிதனுக்கு உள்ளிருந்து ஊக்கம் எழ மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது அது: இதை நானே தேர்ந்துகொண்டேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உங்கள் நிலையை இதோடு வைத்துப் பாருங்கள். தலைப்பை நீங்களே தேர்ந்தெடுத்திருக்கலாம். இப்போது அது உங்கள் மேல் சுமத்தப்பட்ட தண்டனையாகத் தெரிகிறது. என்னால் முடிகிறது என்று உணர்ந்து மாதங்களாகின்றன. நெறியாளரைத் தவிர்க்கிறீர்கள், வீட்டாரிடம் மறைக்கிறீர்கள். இந்த நிலையில் எந்தப் பாடமும் யாருக்கும் இனிக்காது. ஆர்வம் வற்றியது இந்தத் தவிப்பின் காரணமா, விளைவா என்று இப்போது பிரித்தறிய முடியாது.

ஆர்வம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது வேலைக்கு நடுவில்தான் வருகிறது. இரண்டு பக்கம் எழுதி, ஒரு கருத்து பிடிபட்டு, "அட, இப்படியும் சொல்லலாமே" என்று தோன்றும்போது வருகிறது. தொடங்காதவருக்கு அந்தக் கணம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, என்ன செய்வது? அத்தியாயத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் அந்த மின்னஞ்சல். கடன்காரர் வீடு இருக்கும் தெருவைத் தவிர்த்து ஊரையே சுற்றிப் போகிறவரைப் போல, அந்த ஒரு கடிதத்தைத் தவிர்க்க நீங்கள் மின்னஞ்சல் பெட்டியையே திறப்பதில்லை என்று நினைக்கிறேன். துறை அலுவலக அறிவிப்பு, நூலக நினைவூட்டல், நண்பரின் செய்தி எல்லாம் அதோடு சேர்ந்து முடங்கிக் கிடக்கும். தனியாகத் திறக்க முடியாவிட்டால் ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மாணவர்கள் கற்பனை செய்துவைத்திருக்கும் கடிதம் உள்ளே இருப்பதில்லை. "எப்படிப் போகிறது?" என்று இரண்டு வரி இருக்கும். கண்டிப்பாகவே எழுதியிருந்தாலும், படித்த கண்டிப்பு படிக்காத கண்டிப்பைவிடச் சிறியது.

பதிலை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நீளமான மன்னிப்புக் கடிதம் வேண்டாம்; அதை எழுத உட்கார்ந்தால் அதையும் தள்ளிப்போடுவீர்கள். இப்படி எழுதினால் போதும்: "ஐயா, வணக்கம். இரண்டாம் அத்தியாயத்தை உரிய நேரத்தில் தராததற்கும், உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாததற்கும் மன்னிக்கவும். எழுதுவதில் தடுமாறி நின்றுவிட்டேன். முழுமையற்ற வரைவுதான் என்றாலும், மூன்று பக்கங்களை வரும் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?" நெறியாளர் பெண்ணாக இருந்தால் 'அம்மா' என்று மாற்றிக்கொள்ளுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள். உடல்நிலை, இணையம், மடிக்கணினி பழுது என்று எதையும் இட்டுக்கட்டவும் வேண்டாம். பொய் சொல்லி வாங்கிய அவகாசம் நிம்மதியைத் தராது. அந்தப் பொய்யை நினைவில் வைத்துக் காப்பாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர்கள் தாமதத்துக்குப் பழகியவர்கள். அவர்களைத் தவிக்கவிடுவது மௌனம்தான். மாணவர் படிக்கிறாரா, ஊரிலேயே இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாத மௌனம்.

"முழுமையற்ற வரைவு", "மூன்று பக்கங்கள்" என்ற சொற்களை வேண்டுமென்றேதான் போட்டேன். முழு அத்தியாயத்தைக் கொடுத்தால் அது தீர்ப்புக்குப் போகும் பொருள். அரைகுறை என்று நீங்களே அறிவித்துக் கொடுக்கும் மூன்று பக்கங்கள் பேச்சுக்கான பொருள். அவற்றை வைத்து உங்கள் அறிவுக்கு மதிப்பெண் போட முடியாது. அடுத்து என்ன செய்யலாம் என்று பேசத்தான் முடியும். ஃபெராரியும் டைஸும் தேர்வை விளையாட்டு என்று பெயர் மாற்றியபோது நடந்ததை நீங்களே உங்களுக்காக நடத்திக்கொள்கிறீர்கள்.

அந்த மூன்று பக்கங்களைப் பழைய கோப்பில் எழுத வேண்டாம். அந்தக் கோப்பு உங்களுக்கு ஏற்கெனவே வலி கற்பித்திருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கையால் எழுதுங்கள். உங்கள் துறையைச் சேராத ஒரு நண்பர், "இதுவரைக்கும் இந்த விஷயத்தைப் பற்றி யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள்? நீ ஏன் அதை மறுக்கிறாய்?" என்று கேட்பதாக வைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்வதை எழுதுங்கள். மேற்கோள் எண் வேண்டாம், கலைச்சொல் வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். பெயர் நினைவுக்கு வராவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். இருபத்தைந்து நிமிடம் எழுதிவிட்டு நிறுத்துங்கள். நன்றாக ஓடினாலும் நிறுத்துங்கள், முடிந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே. நாளை உட்காரும்போது தொடக்கம் தேடி அலைய வேண்டியிருக்காது. பாதி வாக்கியம் காத்திருக்கும். முதல் சில நாட்களுக்கு இந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் எதையும் உங்களிடம் நீங்கள் எதிர்பார்க்காதீர்கள். குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அத்தியாயம் நகராத இரண்டு மாதங்களோடு ஒப்பிட்டால் அது மிக அதிகம்.

எப்போது, எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். "நாளைக்கு எழுத வேண்டும்" என்பது விருப்பம் மட்டுமே. "காலை உணவு முடித்ததும் நூலகத்தின் இரண்டாம் தளத்தில், சன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுவேன்" என்றால்தான் அது திட்டம். பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். எழுத வேண்டும் என்ற எண்ணம் இரு சாராருக்கும் இருந்தது. நேரம் வந்தபோது "இப்போது தொடங்கவா, கொஞ்சம் கழித்தா?" என்று மனத்தோடு பேரம் பேச வேண்டிய தேவை, முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களுக்கு இல்லை. உங்களுக்கு அந்தப் பேரத்தில்தான் ஒவ்வோர் இரவும் தோல்வி வருகிறது. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மேசையில் இருந்தால் எடுப்பீர்கள், எல்லோரும் எடுப்பார்கள்.

இரவை விட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன். விடிய விடிய உட்காரும் பழக்கம் உங்களுக்கு வீரமாகத் தெரிகிறது. தூக்கமில்லாத மூளை எழுதிய பத்தியை அடுத்த நாள் படிக்கும்போது உங்களுக்கே பிடிப்பதில்லை. பிடிக்காத பத்தி கோப்பின் மேல் இருக்கும் வெறுப்பைக் கூட்டுகிறது. பகலில் எழுதிய சுமாரான அரைப் பக்கம் அந்தச் சுழற்சியை உடைக்கும்.

கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். நெறியாளரைச் சந்திக்கும்போது, அத்தியாயத்தை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அவரையே தேதி குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணிப்பை நம்ப வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ரோஜர் ப்யூலரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், 49 என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாட்கள். அவர்களுடைய மிக இருண்ட கணிப்பையும் உண்மை தாண்டிவிட்டது. ஆகவே ஒரு பகுதி ஒரு வாரத்தில் முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், இரண்டு வாரம் என்று நெறியாளரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் சில நாட்கள் வீணாகத்தான் போகும். அந்த நாட்களின் இரவில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மறுநாள் அமையும். பெரும்பாலானவர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள். திட்டினால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் வேலை நடக்கும் என்று நம்புவார்கள். மைக்கேல் வோலும் பிச்சிலும் அவர்களுடன் ஒருவரும் சேர்ந்து முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு இது வியப்பளிக்கவில்லை. கோப்போடு ஏற்கெனவே ஒட்டியிருக்கும் வலியோடு ஒரு வசையையும் ஒட்டிவைத்தால், நாளை அதைத் திறக்க இரட்டைத் துணிச்சல் வேண்டும். "இன்று நடக்கவில்லை. நாளை காலை அதே மேசை" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த வரியை எழுதியபோது கேட்க நினைத்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யார் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேசுவாரோ அவரிடம் சொல்லுங்கள்: "நான் சொன்ன அளவுக்கு வேலை நடக்கவில்லை. இப்போது சரிசெய்யத் தொடங்கியிருக்கிறேன்." மின்னஞ்சலை அனுப்பிய பிறகு சொன்னால் உங்களுக்கும் எளிது, கேட்பவருக்கும் எளிது. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நடித்துக்கொண்டிருக்கும் களைப்பு எவ்வளவு பெரியது என்பது அது இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஒன்றை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, ஆகவே நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். ஆய்வேட்டில் மட்டுமின்றி, முன்பு பிடித்த எதிலுமே இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் ஒட்டவில்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? காலையில் எழுவதே பெரும்பாடாக இருக்கிறதா? அப்படியானால் இது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மேலே சொன்ன வழிகளைத் தனியாக முயன்றுகொண்டிருக்காமல் பல்கலைக்கழக ஆலோசனை மையத்தையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இன்னொன்று, சிறு வயதிலிருந்தே எதையும் முடிக்காமல் விடுவது, பொருட்களைத் தொலைப்பது, பிடித்த வேலையில்கூடக் கவனம் சிதறுவது என்று இருந்து, புத்திசாலித்தனத்தால் அதைச் சமாளித்து வந்திருந்தால், கவனக்குறைபாட்டுக் கோளாறுக்கான (ADHD) பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பள்ளியில் முதல் மூன்று இடங்களில் வந்தவர்களிடமும் அது இருப்பதுண்டு. பாடம் கடினமாகும்போதுதான் வெளியே தெரியும். தள்ளிப்போடும் பழக்கத்துக்கே தனியாகச் சிகிச்சை உண்டு. இதுவரை ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட முறைகளில் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

படிப்பை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். விடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் விட்டது சரியான முடிவாகவே இருந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு நீங்கள் அந்த முடிவை எடுத்தால், அதுவும் கோப்பை மூடிவிட்டுக் கைபேசியை எடுக்கும் அதே அசைவாகத்தான் இருக்கும். நிம்மதி உடனே வரும், விலை பிறகு வரும். இரண்டாம் அத்தியாயத்தின் வரைவைக் கொடுத்து, நெறியாளரின் கருத்துகளோடு அது திரும்பி வரும்வரை முடிவை நிறுத்திவையுங்கள். திரும்பி வந்த பக்கங்களைப் படித்துவிட்டு உங்களையே கேளுங்கள்: அத்தியாயம் நன்றாகவே வந்திருக்கிறது, அவர் பாராட்டியும் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அடுத்த அத்தியாயத்தை எழுத எனக்கு விருப்பமா? அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால், உங்களுக்கு வேறு ஏதோ வேண்டும் என்று பொருள். அது என்ன என்பதை எனக்கு எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசலாம். எழுத வேண்டும் என்று தோன்றினால், அந்தச் சந்திப்பிலேயே மூன்றாம் அத்தியாயத்துக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.